வழி தெரியாத கைடு

எங்கள் வேன் டயருக்கடியில் ஏதோ படபடவென்று வெடித்தது. நாலைந்து வருஷமாகியும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

"பங்ச்சரா?" என்றார் வைத்தியலிங்கம். ரிட்டையர்டு என்ஜினீயர்.

"இல்ல சார். செடி. ரோட்டுல காயப் போட்டிருக்காங்க" என்றான் கைடு ஃபாஜில்.

"குப்பை கொட்ட வேற எடமா இல்ல?"

சென்னையிலிருந்து கிளம்பிய மூன்று நாள் சுற்றுலா அது. 'பாரம்பரியமும் பசுமையும்' என்று விளம்பரம். பங்குனி மாதம், அறுவடை முடிந்து வயலெல்லாம் பழுப்பாகக் கிடந்தது.

"படத்துல பச்சைப்பசேல்னு இருந்துச்சே?" தஞ்சாவூரிலிருந்து இதையே கேட்டுக்கொண்டு வந்தாள் ஜெயபாரதி.

"அது கார்த்திகையில எடுத்த படம் மேடம்."

"அப்ப எங்களை எதுக்குப் பங்குனியில கூட்டிட்டு வர்றீங்க?"

காலையில் இட்லி தாமதமானதற்கே அவள் சுற்றுலாக் கம்பெனிக்குப் போன் போட்டிருந்தாள். முதலாளி ஃபாஜிலைக் கூப்பிட்டுக் கத்தியது வேன் முழுக்கக் கேட்டது. "இன்னொரு புகார் வந்துச்சுன்னா அப்படியே வீட்டுக்குப் போயிடு."

நடை சாத்துவதற்குள் திருவாரூர் கோயிலுக்குப் போக வேண்டும். குடவாசல் தாண்டிக் குறுக்கு ரோடு ஒன்று இருக்கிறது என்று ஃபாஜில்தான் சொன்னான். போனால், வாய்க்கால் பாலத்தை இடித்துப் போட்டிருந்தார்கள்.

"இதுகூடத் தெரியாம நீங்க என்ன கைடு?"

வேன் திரும்பியது. செடி காய்ந்துகொண்டிருந்த இடத்தில், கையில் குச்சியோடு நின்ற ஒரு அம்மா வேனை மறித்தாள்.

"தம்பி, பஸ் வருமா?"

"பாலத்தை இடிச்சிட்டாங்கம்மா. இன்னிக்கு எல்லா வண்டியும் மெயின் ரோட்டுலயே சுத்திப் போவுது" என்றான் ஃபாஜில்.

அந்த அம்மா வானத்தைப் பார்த்தாள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"ஏறிக்கங்கன்னு சொல்லித் தொலைக்காதீங்க. இங்க எடமில்ல" என்றாள் ஜெயபாரதி.

கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் தமிழ்மாறனின் காதில் ஃபாஜில் ஏதோ சொன்னான். வேன் மறுபடி பாலத்தைப் பார்க்கத் திரும்பியது.

"இப்ப என்ன?"

"அங்க ஒரு பழைய படித்துறை இருக்கு மேடம். காட்டாம வந்துட்டேன்."

உடைந்த நாலு படி. தண்ணீரில்லாத வாய்க்கால். படியில் ஓர் எருமை படுத்திருந்தது.

"இதுதான் பாரம்பரியமா?"

"ரொம்பப் பழசு மேடம்."

"எதைச் சொல்றீங்க, எருமையையா?"

யாரும் இறங்கவில்லை. ஃபாஜில் மட்டும் இறங்கி நின்றுவிட்டு ஏறினான். திரும்பி வருகிற வழியில், அத்தனை அகல ரோட்டில், தமிழ்மாறன் இடது ஓரத்தை உரசிக்கொண்டு ஓட்டினான். அப்புறம் வலது ஓரத்துக்குப் போனான்.

"டிரைவர் தண்ணி போட்டிருக்காரா?" என்றார் வைத்தியலிங்கம்.

ஊர் எல்லை தாண்டியதும் ஃபாஜில் சட்டையைத் தடவினான். "மன்னிச்சுக்கங்க. செல்போன் படித்துறையில விழுந்திருச்சு போலருக்கு."

வேன் மறுபடி திரும்பியது. மறுபடி அந்தப் படபட.

ஜெயபாரதி தன் போனை எடுத்து, தட்டச்சுவதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். "கைடுக்கு வழியே தெரியவில்லை. ஒரே ரோட்டில் முன்னும் பின்னுமாக அலையவிட்டார். கிராமத்து வாழ்க்கையைக் காட்டுவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டீர்கள்."

"மணியாச்சு, நடை சாத்தியிருப்பாங்க. அதையும் சேர்த்துக்கங்க" என்றார் வைத்தியலிங்கம்.

சேர்த்தாள். அனுப்பினாள். முன் சீட்டில் இருந்த ஃபாஜில் திரும்பிப் பார்க்கவில்லை.

பாலத்தருகே அவன் இறங்கி படியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவன் பேன்ட் பையிலேயே அடித்தது.

வேனுக்குள் சிரித்தார்கள். அவன் எடுத்துப் பார்த்தான், முதலாளிதான் போலிருக்கிறது. பேசாமல் அணைத்துவிட்டு வந்து ஏறினான்.

"கெடைச்சிருச்சா தம்பி? சந்தோஷம்" என்றாள் ஜெயபாரதி.

"கெடைச்சிருச்சு மேடம். போகலாம் தமிழு. நடுவுல ஏத்தி, மெதுவா."

அந்த அம்மா இருந்த இடத்தில் வேன் நின்றது. அவள் ஜன்னலோரம் ஓடிவந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கை நிறையக் கறுப்பு உளுந்து.

"போதும் தம்பி. நெத்தெல்லாம் வெடிச்சு உதிர்ந்திருச்சு. மழைக்கு முன்னாடி கூட்டி அள்ளிருவேன். பஸ் வராதுன்னதும் ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. நனைஞ்சா மொத்தமும் மொளைச்சிரும்."

செடியோடு பிடுங்கிய உளுந்தை ரோட்டில் பரப்பிவிட்டால், போகிற வருகிற வண்டிச் சக்கரமே அடித்துக் கொடுத்துவிடும். அன்று அந்த ரோட்டில் ஓடிய வண்டி எங்கள் வேன் ஒன்றுதான்.

"அந்தப் புகாரை அழிச்சிடுங்களேன்" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அனுப்பினது அனுப்பினதுதான். நடை சாத்துனது நிஜந்தானே?" என்ற ஜெயபாரதி, போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். "அம்மா, அந்தக் குச்சியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க. இப்பத்தான் ஒரு நல்ல படம் கெடைச்சிருக்கு."

தூறல் விழ ஆரம்பித்தது. ஃபாஜில் இறங்கிப் போய், உளுந்தை மூட அந்த அம்மா விரித்த தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

இப்போது அவன் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறான்.