இரண்டாவது கடி

மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அண்ணனைக் கொன்றவன் என்ற பெயரோடு தோல்கின் சிறையிலேயே கிடக்க வேண்டியதுதான். அவன் மனைவி மவ்ஜுதா, ஃபெர்கானா நகரத்துக் கோர்ட்டிலிருந்து வீடு வந்து சேர்ந்தாள். வந்ததும் மாமியாரைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணால பாத்தேன்னு சாட்சி சொன்னீங்களே அத்தை, அன்னைக்கு மூடுபனியில உங்களுக்கு வாசக்கதவாவது தெரிஞ்சுதா?"

"செத்ததும் என் புள்ளை, கொன்னதும் என் புள்ளை. நடுவுல நீ யாருடி?" என்றாள் ஹோசியத்.

மவ்ஜுதா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். போலீஸ் கூட்டிப்போன அன்று தோல்கின் ஒரு வாய் கடித்துவிட்டுப் போன ரொட்டி ஆணியில் தொங்கியது. போனவன் திரும்பி வந்துதான் மிச்சத்தைத் தின்ன வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அதுவரை வேறு யாரும் தொடமாட்டார்கள்.

இன்று அதில் இரண்டு கடி இருந்தது.

இரண்டாவது கடியின் நடுவே ஒரு பல் அகலத்துக்கு ரொட்டி அப்படியே நின்றது. அந்த வீட்டில் ஒரு முன்பல் இல்லாதவன் செத்துப்போன அண்ணன் எர்கின் ஒருவன்தான். அவனைப் புதைத்து ஒரு வருடம் ஆகிறது.

"திங்க மட்டும் வரத் தெரியுதா, எர்கின் அத்தான்? கோர்ட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல வழி தெரியலையா?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

எந்தக் கோபத்திலும் ரொட்டியை வீசக் கூடாது. இரு கையாலும் எடுத்து மாமியார் மடியில் வைத்தாள்.

"இதையும் கண்ணால பாருங்க. கொன்னவன் ரொட்டியைச் செத்தவன் திம்பானா?"

ஹோசியத் அந்தக் கடியை விரலால் தடவினாள். ரொட்டி கல்லாய்க் காய்ந்திருந்தது. விரல் ஈரமாக வந்தது.