கரும்பச்சைச் சுவர்

கணவன் வேறொருத்தியோடு போய்விட்ட பிறகும், அவன் தினமும் தலை சாய்த்த இடத்தில் கூடத்துச் சுவரில் எண்ணெய்க் கறை போகாமல் இருந்தது. செண்பகவல்லி வெள்ளையடித்துப் பார்த்தாள். பத்து நாளில் மறுபடி கசிந்து மேலே வந்தது. "லைட் கலர் எதுவும் நிக்காதுக்கா. டார்க்கா அடிச்சாத்தான் அமுங்கும்" என்றார் பெயிண்டர். கூடம் முழுக்கக் கரும்பச்சை அடிக்கச் சொன்னாள். "என்னடி, வீட்டுக்குள்ள காடு வளக்கிறியா?" என்றாள் எதிர்வீட்டு ரஞ்சிதம். பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஆனாலும் கறை தெரியவில்லை. அவளுக்கு அது போதும்.

ஒரு வருஷம் கழித்து அவன் பையோடு வாசலில் வந்து நின்றான். அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவனாகவே உள்ளே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தான். "என்ன வல்லி, வீடு இப்படி இருண்டு கிடக்கு?" என்றபடி தலையைப் பின்னால் கொண்டுபோனான்.

"சாயாதீங்க. பெயிண்ட் இன்னும் காயல."

அவன் கையைப் பின்னால் விட்டுச் சுவரைத் தடவினான். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, யார் வீட்டுக்கோ வந்தவனைப் போல, முதுகு எதிலும் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.