ஒத்திகைச் சிறை

“முதல்ல சிறைக்குள்ள வெச்சுக் கொன்னு பாப்போம். அங்க செத்தா யாருக்கும் நஷ்டமில்ல” என்றாள் ஹினேவை.

“உங்கண்ணன் விரேமு கடல்ல இருக்கற நேரத்துல இந்த வேலை வேணுமா?” என்றான் காவன்.

நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள பிளஃப் துறைமுகத்துச் சிப்பிப் படகுகள் விடுக்கும் அபாய அழைப்புகள் அவர்கள் சர்வரில்தான் வந்து விழும். அழைப்பு வந்தால் அதை வாங்கும் புரோகிராம் சுவர்த் திரையில் சிவப்புப் புள்ளியை எரியவிடும். அந்தப் புரோகிராம் அடிக்கடி திணறியது. நிறுத்தினால் தானாக எழுகிறதா என்று பார்க்க, அதன் நகலொன்றை சர்வருக்குள்ளேயே தனியாக அடைத்து வைத்திருந்தார்கள். அடைத்த இடத்துக்குச் சிறை என்று பெயர். உள்ளே என்ன நாசம் செய்தாலும் வெளியே பாதிக்காது. உள்ளிருந்து வெளியே யாரையும் கூப்பிடவும் முடியாது.

ஹினேவை கட்டளை அடித்துச் சிறைக்குள் நுழைந்ததும் கருகல் வாடை வந்தது.

“ஐயோ, சீஸ் ரோல்!” என்று அடுப்படிக்கு ஓடினாள்.

“கருகினத என் தலையில கட்டிடாத!” என்று கத்தினான் காவன். “அதுக்குள்ள மொத்த மெஷின்ல எவ்வளவு இடமிருக்குன்னு பாத்துக்கறேன்.” கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

அவள் தட்டோடு திரும்பியபோது அவன் அவளுடைய நாற்காலியிலிருந்து எழுந்து வெண்ணெய் எடுக்கப் போனான். ஹினேவை உட்கார்ந்த கையோடு புரோகிராமைக் கொன்றாள். அது எழவில்லை. என்னென்னவோ செய்தும் எழவில்லை.

“சனியன், செத்தது செத்ததுதான். நல்லவேளை, ஒத்திகை” என்று ரோலைக் கடித்தாள்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் காற்று முற்றிவிட்டது. ஜன்னல்கள் அதிர்ந்தன. படகுகள் போயிருந்த ஜலசந்தி இருந்த திசையே தெரியவில்லை. அவள் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள்.

“பயப்படாத. பாரு, ஒரு சிவப்புப் புள்ளி இருக்கா?” என்றான் காவன். “விரேமு குறட்டை விட்டுத் தூங்கிட்டிருப்பான்.”

“உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்.”

ஆனாலும் மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். அண்ணனின் படகுக் கருவியைக் கூப்பிடும் கட்டளையை அடித்தாள். பதில் இல்லை. மறுபடி அடித்தாள். ஒன்றும் வரவில்லை. சட்டென்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நான் ஒரு மக்கு! சிறைக்குள்ள உக்காந்துக்கிட்டுக் கூப்பிட்டா எப்படிப் பதில் வரும்?”

காவனின் கையில் இருந்த கோப்பை அப்படியே நின்றது.

“ஹினே... நீ அடுப்படிக்குப் போனப்பவே நான் இதே கீபோர்டுல சிறைய விட்டு வெளிய வந்துட்டேனே.”