நாலாவது ஃப்ளைவீல்

“மூணாவது தபா! மூணாவது தபாவும் தப்பான ஃப்ளைவீலு! கண்ணு இன்னா பொடனியிலயா கீது?”

ராஜாராம் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. டிரைவர் சாமுவேல் தலையைச் சொறிந்தான்.

பழைய கார். ஃப்ளைவீலில் பல் தேய்ந்து செல்ஃப் பிடிப்பதில்லை. தள்ளினால்தான் கிளம்பும். ராஜாராமுக்கு அது பெரிய மானக்கேடு. சாமுவேலோ ஒவ்வொரு முறையும் மெட்ராஸ் போய், சேராததாகப் பார்த்தே வாங்கி வந்தான்.

“நீ கிழிச்சது போதும். நாளைக்கு நானே போறேன்.”

மறுநாள் காலை, உத்திரமேரூர் பள்ளிக்கூடம் போகும் மகள் கனகாவோடு அவரும் காரில் ஏறினார். மெட்ராஸ் பஸ்ஸை அங்கேதான் பிடிக்க வேண்டும்.

வாசலில் காலனிப் பெண்கள் நாலு பேர், புத்தகப் பையோடு. மூச்சு முட்டத் தள்ளினார்கள். இன்ஜின் உறுமியது. சாமுவேல் வேகத்தைக் குறைத்தான். ஓடி வந்தவர்கள் உள்ளே ராஜாராமைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“நைனா, அவங்க ஏறல!”

“அதுங்க ஏன் ஏறணும்?”

“தள்ளினவங்க ஏறிக்கணும். தினமும் அப்பிடித்தான். மார்த்தாள் என் மடியில. நடந்து வந்தா மொத பெல் போயிடும், டீச்சர் வெளிய நிக்க வெச்சுடும். செங்கேணி அதனாலயே படிப்ப விட்டு நின்னுட்டா. இப்பத்தான் திரும்ப வர்றா.”

ராஜாராம் டிரைவரின் பிடரியை முறைத்தார்.

“டேய், மூணையும் வேணும்னே தப்பா எடுத்தியா?”

“ஆமாங்க மொதலாளி.” சாமுவேல் திரும்பவில்லை. “சும்மா ஏத்தினா ஊரு உங்களை வாயில போட்டு மெல்லும். தள்ளினவங்கள ஏத்தினா யாரு இன்னா கேக்க முடியும்?”

“வாயை மூடிக்கினு ஓட்டு.”

பள்ளிக்கூட வாசலில் கனகா கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

புதுப்பேட்டையில் கடைக்காரர் கார் விவரம் கேட்டுக்கொண்டு, இரண்டு ஃப்ளைவீலை எடுத்துப் போட்டார்.

“பார்வைக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும் சார். இதுதான் உங்க வண்டிக்கு. அதைத் தொடாதீங்க, பல்லு சேராது. அப்புறம் திருப்பி எடுத்துக்க மாட்டேன்.”

ராஜாராம் பணத்தை எண்ணி வைத்தார்.

பிறகு மேல்துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து, தொடாதே என்றதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.