அந்திக்கு ஒரு ஸ்கோப்

"கெங்கம்மா, அந்த வேலியோரப் பலா மரத்தாண்ட போய் நில்லு. கையில எதையாவது புடிச்சுக்க. இன்னா புடிச்சிருக்கேன்னு நான் இங்கருந்தே சொல்றேன்."

கோபால்சாமி ரைஃபிளைத் துணியால் துடைத்தபடியே சொன்னார். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. சாமைக் கொல்லைகளைத் தேடிப் பன்றிகள் வரும் நேரம்.

கெங்கம்மாளுக்குக் கால் எழவில்லை. போன வருஷம் அதே மரத்தடியில்தான் அவள் புருஷன் சடையன் செத்துக் கிடந்தான். சுட்டது அதே ரைஃபிள். சுட்டவரும் இதே கோபால்சாமிதான்.

"ஐயா, வேற யாரையாவது..."

"வேற யாரு இருக்கா இங்க? சும்மா நிக்கிறதுக்கு இன்னா?"

"குண்டு இல்லம்மா, பயப்படாத" என்று ரைஃபிளைத் திறந்து காட்டினார் ராஜவேலு. மெட்ராஸ் துப்பாக்கிக் கடைக்காரர். ரைஃபிள்மேல் மாட்டிக் குறி பார்க்கும் தூரக்கண்ணாடி, புது ஸ்கோப் ரெண்டு எடுத்துக்கொண்டு அன்று மத்தியானம்தான் ஜீப்பில் மலையேறி வந்திருந்தார். சடையன் கதை எதுவும் அவருக்குத் தெரியாது.

கெங்கம்மாள் அருவாளை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

கோபால்சாமி கீழே சந்தவாசலில் வசதியான ஆள். மலைமேல் இந்தத் தோப்பு அவருடையது. வேலிக்கு அந்தப் பக்கம் சடையன் கொல்லை. வேலி யார் பக்கம் நகர்ந்தது என்று ரெண்டு பேருக்கும் ஓயாத தகராறு.

"பன்னின்னு நெனச்சுச் சுட்டுட்டேன் தாயி. இருட்டுல தெரியல" என்று அன்றைக்கு அவள் காலடியில் உட்கார்ந்து அழுதார் கோபால்சாமி. போலீஸ் வந்து கேட்டபோது கெங்கம்மாளும் அதையேதான் சொன்னாள். கேஸ் அதோடு போயிற்று. தோப்பிலேயே அவளுக்கு வேலையும் கொடுத்தார்.

அவள் அண்ணன் வேடியப்பனுக்குத்தான் ஆறவில்லை. புதூர்நாட்டுச் சந்தையில் நாலு பேர் பார்க்கக் கத்தினான்.

"புருசனைச் சுட்டவன் தோப்புக்கே கூலிக்குப் போறியே, உனக்குச் சோறு எறங்குதா? வேணும்னே சுட்டிருக்கான் அவன்!"

"அவரு அழுததை நீ பாக்கலண்ணா. கண்ணு தெரியாம நடந்துபோச்சு."

"இனிமே என் வூட்டு வாசல மிதிக்காத."

அன்றிலிருந்து அண்ணன் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் அவளுக்குச் சொல்லி விடுவதில்லை.

மரத்தடியில் நின்று திரும்பினாள். முதல் ஸ்கோப்பை மாட்டிய ரைஃபிள் அவளைப் பார்த்து நீண்டிருந்தது. குண்டில்லை என்று தெரிந்தும் மரத்தோடு ஒட்டிக்கொண்டாள்.

"பெருசாத்தான் காட்டுது" என்று கோபால்சாமி கத்தினார். "ஆனா ஒரே கருப்பு! நிக்கிறது ஆளா பன்னியான்னே தெரியல!"

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கெங்கம்மாளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. அப்படியானால் அன்றைக்கும் இப்படித்தானே தெரிந்திருக்கும்? வேறு எப்படித் தெரியும்? அவளுக்கு அழுகை வந்தது. வேடியப்பன் பக்கத்தில் நின்று இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

"கிட்ட இழுக்குற அளவு கூடக் கூட வெளிச்சம் கொறஞ்சிரும் சார்" என்றார் ராஜவேலு. "அந்தி நேரத்துக்கு அது ஆகாது. இதைப் பாருங்க. இழுக்குறது கம்மி, ஆனா முன்கண்ணாடி அகலம். இருக்குற வெளிச்சத்தையெல்லாம் வாங்கிக்கும்."

இரண்டாவது ஸ்கோப்பை மாட்டிப் பார்த்தார் கோபால்சாமி.

"ஆளுன்னு தெரியுது. மூஞ்சி தெரியல. கையில இன்னா அது, கம்பா?"

"அருவாங்க!"

"சரி, நீ வூட்டுக்குப் போ!"

அருவாளைக் கொட்டகையில் வைத்துவிட்டுப் போகலாம் என்று கெங்கம்மாள் அவர்களுக்குப் பின்பக்கமாக வந்தாள். மனசு லேசாக இருந்தது. நாளைக்கே அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். விரட்டினாலும் வாசலில் நின்று சொல்லிவிட வேண்டும். புதுக் கண்ணாடியிலேயே மூஞ்சி தெரியலையாம், பழைய கண்ணாடியில் அந்த மனுஷனுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்க வேண்டும்.

கோபால்சாமிக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

"மெட்ராஸ்லருந்து கொண்டாந்த லட்சணம் இதானா? ரெண்டும் என் பழைய ஸ்கோப்போட தூசி பெறாது."

"அப்போ அதையே வச்சுக்கலாமே சார்?"

"மழையில ஈரம் பூந்து உள்ள பூஞ்சை புடிச்சுப்போச்சுய்யா. இல்லன்னா உன்ன எதுக்குக் கூப்புடப் போறேன்?"

ராஜவேலு சிரித்தார். "பழைய சாமான் மேல எல்லாருக்கும் ஒரு ஆசை சார். இந்த இருட்டுக்கு எந்தக் கண்ணாடியும் இவ்வளவுதான் காட்டும்."

கோபால்சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னாய்யா பேசற? போன வருசம், இதே மரத்தடி. இதைவிட இருட்டு. ஒருத்தன் வேலி முள்ள நிமித்திக் கட்டிக்கினு இருந்தான். என் பக்கம் திரும்புனான். மீசையில நரைச்ச முடி தனியாத் தெரிஞ்சுது அந்த ஸ்கோப்புல. அவன் என்னைப் பார்த்துட்டதுகூடத் தெரிஞ்சுது!"

"நல்ல வேளை சார்" என்றார் ராஜவேலு, ஸ்கோப்பைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே. "சுமாரான கண்ணாடியா இருந்திருந்தா பன்னின்னு சுட்டிருப்பீங்க. நல்ல கண்ணாடியா இருக்கப்போய் அந்த ஆளு பொழச்சான்."

கோபால்சாமி துணியை எடுத்து ரைஃபிளை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"பொழைக்கலீங்க" என்றாள், பின்னால் நின்றிருந்த கெங்கம்மாள். "அது என் வூட்டுக்காரரு."