இரண்டு ஊருக்கு ஒரு தலைமை

"நாலு படகையுமா சார் ஆத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பச் சொல்றீங்க? நம்ம ஊருக்கு என்ன பண்றது?"

நகராட்சிப் பொறியாளர் நனைந்த சட்டையோடு மேஜைக்கு முன் நின்றார். சேர்மன் தொலைபேசியை வைத்தார்.

"தலைவர் கேட்டுட்டாங்கய்யா. அனுப்புங்க."

"யாரு, அந்த மாட்டு டாக்டரம்மாவா? நம்ம ஊர்ல ஒரு வார்டு அளவு இருக்கு அவங்க ஊரு."

"ஊரு சின்னது. நாற்காலி பெரிசு. போங்க."

ஆற்றின் இரு கரையிலும் இரண்டு நகராட்சிகள். வெள்ளம் வந்தால் இரண்டு ஊர்ப் படகும் பம்பும் ஆட்களும் ஒரே சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஒப்பந்தம். தலைமை ஒரு வருடம் இந்தக் கரைக்கு, மறு வருடம் அந்தக் கரைக்கு. சேர்மனின் முறை நேற்றோடு முடிந்திருந்தது. பொறுப்பை ஒப்படைக்க வைத்திருந்த கூட்டம்தான் மழையில் நின்றுபோனது.

"முதியோர் இல்லத்துல தண்ணி புகுந்துடுச்சு சார். படகு கிடைச்சா புண்ணியமா போகும்" என்றுதான் அக்கரை சேர்மனான டாக்டரம்மா போனில் சொன்னார். உத்தரவைக்கூட என்ன பணிவாகப் போடுகிறார் என்று சேர்மன் நினைத்துக்கொண்டார்.

படகுகள் போன கொஞ்ச நேரத்தில் மனைவி அழைத்தாள்.

"என்னங்க, ஆஸ்பத்திரி வாசப்படி முங்கிடுச்சு. வார்டுக்குள்ள வருது. பச்ச உடம்புக்காரி நம்ம பொண்ணையும் குழந்தையையும் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்? படகு அனுப்புங்க."

"படகு இல்லம்மா. அக்கரைக்கு அனுப்பிட்டேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அந்த ஆஸ்பத்திரியில் அவர் மகள் மட்டுமா இருக்கிறாள்? எத்தனை தாய்மார்கள். அக்கரை எண்ணைச் சுழற்றினார். தலைவரிடம் கேட்பது முறையா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"அம்மா, எங்க பிரசவ வார்டுல தண்ணி. பெரிய பம்பு ஏதாவது..."

"இதோ அனுப்புறேன் சார்."

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. பாலத்தைத் தாண்டி லாரி வந்தது. முன்பின் தெரியாத ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் குழாயை மாட்டினார்கள். இக்கரைப் படகுக்காரர்களோ அக்கரையில் யார் யாருடைய பெற்றோரையோ தோளில் சுமந்து மேட்டில் சேர்த்தார்கள்.

சாயங்காலம் மழை விட்டது. இரண்டு ஊரிலும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. பேரனைக் கண்ணால் பார்த்துவிட்டு, சேர்மன் நன்றி சொல்லப் பாலத்துக்கு நடந்தார். எதிரே, சேற்று உடையோடு டாக்டரம்மாவே வந்துகொண்டிருந்தார்.

"தலைமைன்னா இப்படி இருக்கணும்மா. காலையில படகு அனுப்பச் சொல்லி நீங்க உத்தரவு போட்டதும் எங்க பொறியாளர் என்னை முறைச்சார். தலைவர் சொல்லை மீறக் கூடாதுன்னு அனுப்பினேன். எவ்வளவு பேர் பிழைச்சிருக்காங்க பாருங்க."

டாக்டரம்மா அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

"நான் எங்க சார் உத்தரவு போட்டேன்? கெஞ்சில்ல கேட்டேன். ஒப்படைக்கிற கூட்டமே நடக்கல, இன்னும் நீங்கதானே தலைவர்? அந்தப் பம்பு எங்க குடிநீர் நிலையத்துல ஓடிக்கிட்டிருந்துச்சு. தலைவர் கேட்டா மறுக்க முடியுமான்னுதான் கழட்டி அனுப்பினேன்."

கீழே ஆறு அமைதியாக இறங்கிக்கொண்டிருந்தது. நன்றி சொல்லச் சேர்மனின் கைகள் தாமாகக் குவிந்தன. யாரை நோக்கி என்றுதான் தெரியவில்லை.