சீல் வைத்த இடது ஷூ

லிஃப்ட் மெக்கானிக் செருப்போடு வேலைக்கு வந்ததால்தான் இடது பாதம் போனது என்று கம்பெனி ஒரேயடியாகச் சாதித்தது. அன்று காலைதான் அவர் முதன்முதலாகப் போட்ட பாதுகாப்பு ஷூவை, வக்கீலம்மா ஆஸ்பத்திரியில் தேடிப்பிடித்து கோர்ட்டில் ஒப்படைத்தார். முனை நசுங்கியிருந்தது. அடியில் ஒட்டிய விலைச் சீட்டுகூட அப்படியே இருந்தது. பையில் போட்டுச் சீல் வைத்தார்கள்.

மூன்று வருடம் கழித்து வழக்கு ஜெயித்தது.

"எனக்காக நாயா அலைஞ்சீங்கம்மா. இந்தக் கடனை எந்தக் காலத்துல தீர்ப்பேனோ."

"எல்லாம் அந்த ஷூவாலதான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க," என்றார் வக்கீலம்மா.

சீல் உடையாமல் இருந்தது. வீட்டில் மனைவி பையைப் பிரித்து ஷூவைத் திருப்பினாள். குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. இடுக்கில் ஈர மண்.

"நீங்க தேய்க்கிற மாதிரியேதாங்க தேஞ்சிருக்கு," என்றாள் மெதுவாக.

அவர் அதை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தார்.

"பாவம். நான் படுத்துக் கிடந்த நாளெல்லாம் இது சும்மா இருக்கல."

பிறகு மண்ணைத் துடைத்து, பாலிஷ் போட்டு, வாசலில் தெருவைப் பார்த்தபடி வைத்தார். போன பாதம் வந்து மாட்டிக்கொள்ள வசதியாக லேஸைத் தளர்த்தி விட்டார்.